தாத்தாவோட இசைத்தட்டுப் பெட்டி மாசம் 30,000 தருமா? கோர்ஸ் ஃபீஸ் கட்டும் முன்னாடி இதைப் படிங்க

போன வீடியோவுல ஒரு நிமிஷத்துல சொல்லிட்டுப் போன விஷயத்தை இங்கே விரிவா எழுதுறேன். ஒரே மாதிரிக் கேள்வி ரெண்டு மாசத்துல நாலு பேரிடமிருந்து வந்துடுச்சு. ஒருத்தர் வல்லம் வடகால், ஒருத்தர் இருங்காட்டுக்கோட்டை, மத்த ரெண்டு பேரும் ஒரகடம். கேள்வி இதுதான்:

"அண்ணா, டிரெய்னியா இருக்கேன், கையில 19,000 வருது. எங்க தாத்தா வீட்ல பழைய இசைத்தட்டு 140 இருக்கு. அதை டிஜிட்டல் பண்ணி ஆன்லைன் டிஸ்ட்ரிபியூட்டர் மூலமா ரிலீஸ் பண்ணா மாசம் 30,000 பேசிவ் இன்கம் வரும்னு ஒரு கோர்ஸ்ல சொல்றாங்க. 60 வருஷம் தாண்டின பாட்டுக்கு காப்பிரைட் கிடையாதாம். ஃபீஸ் 7,999. சேரலாமா?"

சேராதீங்க. அவசரமா ஷிப்ட் பஸ் பிடிக்கணும்னா இந்த ஒரு வார்த்தையோட போயிடலாம். நேரம் இருக்கிறவங்க உட்காருங்க, ஏன்னா இதுல பாதி உண்மை இருக்கு. முழுப் பொய்யை யாரும் 7,999 கொடுத்து வாங்க மாட்டாங்க. பாதி உண்மையைத்தான் வாங்குவாங்க.

முதல்ல கொஞ்சம் வரலாறு. பாட்டை ஒண்ணொண்ணா டவுன்லோடுக்கு விக்கிற கடையை நம்ம ஊரில் பெரிய கம்பெனியே நடத்திப் பார்த்திருக்கு. 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் 'ஃப்ளைட்'னு ஒரு எம்பி3 கடை திறந்தது. 2013 ஜூனில் மூடிட்டாங்க. பதினாறு மாசம்தான். அப்போ அவங்க சொன்ன காரணம், பைரசி ஒண்ணு, சின்னச் சின்னத் தொகையை ஆன்லைனில் சுலபமா வசூலிக்க முடியாதது இன்னொண்ணு. ரெண்டாவது பிரச்சினை 2016-ல் யுபிஐ வந்ததும் தீர்ந்துபோச்சு. ஆனா அதே 2016-ல் ஜியோவும் வந்தது. டேட்டா தண்ணி மாதிரி ஆனதும் யாருக்கும் பாட்டை வாங்கி வச்சுக்கணும்னு தோணலை. ஐடியூன்ஸ் கடை 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்துது, 2015-ல் ஆப்பிளே ஸ்ட்ரீமிங் பக்கம் போயிடுச்சு. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் உள்ளே வந்தப்போ டவுன்லோடு விற்பனைங்கிற வார்த்தையே பழசாகியிருந்தது.

"அப்படீன்னா பழைய பாட்டுக்கு மார்க்கெட் இல்லையா?" இருக்கு. 2017-ல் சரிகம கம்பெனி 'கார்வான்'னு ஒரு ரேடியோ மாதிரிப் பெட்டி விட்டாங்க, கிட்டத்தட்ட 6,000 ரூபாய். உள்ளே 5,000 பழைய பாட்டு. போன்ல சும்மா கேட்கிற அதே பாட்டுக்கு 6,000 கொடுத்து அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தவங்க இதைப் படிக்கிறவங்கள்லயே நிறைய பேர் இருப்பீங்க. ஆனா அந்த கம்பெனி எதை வித்துதுன்னு பாருங்க. அவங்க பழைய ஹெச்.எம்.வி. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பாட வச்சுப் பதிவு பண்ண கிராமபோன் கம்பெனியோட வாரிசு. நூறு வருஷத்துக்கு மேல சேர்த்து வச்ச கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்கள் அவங்க பீரோவில் இருக்கு. நம்ம பீரோவில் தட்டு மட்டும்தான் இருக்கு. தட்டு வேற, தட்டுல இருக்கிற பாட்டோட உரிமை வேற. தாத்தா 1958-ல் மூர் மார்க்கெட்டில் காசு கொடுத்து வாங்கினது தட்டை மட்டும்தான்.

அந்த '60 வருஷம்' எங்கே எங்கே ஓடுது

கோர்ஸ்காரங்க சொல்ற 60 வருஷம் சட்டத்தில் இருக்கிறதுதான். 1957 காப்பிரைட் சட்டப்படி ஒரு ஒலிப்பதிவு வெளியான அடுத்த வருஷத்திலிருந்து 60 வருஷம் கணக்கு. 1992 திருத்தம் வரைக்கும் இது 50-ஆக இருந்தது. தாகூர் 1941-ல் காலமானதால அவர் எழுத்தோட 50 வருஷம் 1991 முடிவில் தீர வேண்டியிருந்தது, அந்த நேரத்தில்தான் 50-ஐ 60 ஆக்கினாங்க. (நம்ம பாரதிக்கு நேர் எதிர்: 1949-லேயே அரசு அவர் படைப்புகளை அரசுடைமையாக்கி, அப்புறம் பொதுவாக்கிடுச்சு. பாரதி பாட்டை ரெக்கார்டு பண்ற உரிமை அப்போ ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. சினிமாவுக்கு முன்னாடி அவர் சரஸ்வதி ஸ்டோர்ஸ்னு இசைத்தட்டு வியாபாரம் பண்ணவர், அந்த உரிமையோட மதிப்பு தெரியாதவர் இல்லை. இருந்தும் விட்டுக்கொடுத்தார்.)

சரி, கோர்ஸ்ல சொல்லாத விஷயம் என்னன்னா, ஒரு பாட்டுக்குள்ள மூணு சொத்து இருக்கு. ஒலிப்பதிவு ஒண்ணு. வரிகள் ஒண்ணு. மெட்டு ஒண்ணு. பதிவுக்கு வெளியான வருஷத்திலிருந்து 60. வரிக்கும் மெட்டுக்கும் அப்படி இல்லை, எழுதினவர் அல்லது இசையமைச்சவர் இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து 60. ஒரே வீட்டுமனைக்கு மூணு பட்டா மாதிரி. மூணும் காலியானால்தான் அந்த மனை புறம்போக்கு.

உதாரணம் வச்சே பார்க்கலாம். 1944-ல் வந்த ஹரிதாஸ். பாகவதர் படம், உங்க தாத்தா பெட்டியில் நிச்சயமா ஒரு தட்டாவது இருக்கும். ஒலிப்பதிவு உரிமை 2004 முடிவிலேயே தீர்ந்துடுச்சு. ஆனா பாட்டு எழுதின பாபநாசம் சிவன் காலமானது 1973-ல். அவர் பங்கு 2033 டிசம்பர் 31 வரைக்கும் உயிரோட இருக்கு. 80 வருஷப் பழைய பாட்டு, இன்னும் ஃப்ரீ இல்லை.

அடுத்தது கர்ணன், 1964. பதிவு உரிமை 2024 முடிவில் தீர்ந்துது. "ஆஹா, லைன் கிளியர்"னு கோர்ஸ்காரர் வீடியோ போடுவார். கண்ணதாசன் காலமானது 1981, அதனால வரிகள் 2041 வரை. இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி. ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சா கடைசியா இறந்தவர் கணக்குதான் எடுக்கணும். எம்.எஸ்.வி. 2015-ல் காலமானார். 2075 வரை. இன்னிக்கு உங்களுக்கு 25 வயசுன்னா நீங்க ரிட்டயர் ஆகி, பேரன் பேத்தி எடுத்தப்புறம் கர்ணன் மெட்டு ஃப்ரீ ஆகும்.

மூணுமே காலியான பாட்டு கிடைக்காதான்னா, கிடைக்கும். கப்பலோட்டிய தமிழன், 1961. பாட்டெல்லாம் பாரதி. இசை ஜி. ராமநாதன், 1963-ல் காலமானவர், அவர் கணக்கு 2023 முடிவில் தீர்ந்துது. பதிவு 2021 முடிவில். இந்தியச் சட்டப்படி மூணு பட்டாவும் காலி. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி ஜி. ராமநாதன் இசையமைச்ச பழைய பாட்டுக்கும் இதே மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பட்டுக்கோட்டையார் 1959-லேயே போயிட்டார். இப்படித் தேடினா ஒரு சின்ன லிஸ்ட் தேறும். நான் இதை மறைக்கலை. ஆனா அந்த லிஸ்ட் 140 தட்டுல எத்தனை வரும்னு நினைக்கிறீங்க?

நம்ம வயசுக்காரங்க உண்மையில் கேட்கிற 'பழைய பாட்டு' எது? இளையராஜா. அன்னக்கிளி 1976. அதோட ஒலிப்பதிவு மட்டுமே 2036 முடிவு வரைக்கும் இருக்கு. மெட்டைப் பத்திப் பேசவே வேண்டாம், ராஜா சார் நம்ம கூடவே இருக்கார். 2017-ல் தன் பாட்டை மேடையில் பாடினதுக்கு எஸ்.பி.பி.க்கே அவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கா? கேசட் கம்பெனிகளோட அவருக்கு உயர்நீதிமன்றத்தில் வருஷக்கணக்கா வழக்கு. அந்தப் பாட்டை உருவாக்கினவருக்கும், கேசட் போட்டவருக்கும், படம் எடுத்தவருக்கும் நடுவுலயே உரிமை யாருக்குன்னு இவ்வளவு தகராறு. இதுக்கு நடுவுல சுங்குவார்சத்திரத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற நாம போய் 'அப்லோடு' பட்டனை அமுக்கணுமா?

இன்னொரு சிக்கல். டிஸ்ட்ரிபியூட்டர் உங்க பாட்டை இந்தியாவில் மட்டும் விடறதில்லை, நீங்களாவே மாத்தாட்டி உலகம் முழுக்கப் போகும். அமெரிக்காவில் 1972-க்கு முந்தைய பதிவுகளுக்கு வேற கணக்கு, அங்கே 95 வருஷம், 100 வருஷம்னு போகும். இந்தியாவில் காலாவதியான 1961 பதிவு அங்கே இன்னும் பாதுகாப்பில்தான் இருக்கு. டிஸ்ட்ரிபியூட்டர் ஃபார்மில் "இந்தப் பதிவின் உரிமை முழுக்க என்னுடையது"ன்னு ஒரு டிக் கேட்பாங்க. யூடியூப் கன்டென்ட் ஐடி போட்டா அது உங்களுக்கு மட்டுமே உரிமையான பதிவா இருக்கணும். பொதுச் சொத்தை 'எனக்கு மட்டும்'னு சொல்ல முடியாது. அந்த டிக் அடிச்ச நிமிஷம் நீங்க ஒரு பொய் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. ஆடிட் பண்றவன் கண்ணுக்கு இதுதான் முதல்ல படும்.

சிவில் விஷயம்தானே, பாட்டை எடுத்துடுவாங்க, அவ்வளவுதானேன்னு ஒருத்தர் கேட்டார். இல்லை. காப்பிரைட் சட்டம் 63-வது பிரிவு: ஆறு மாசத்திலிருந்து மூணு வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இது போலீஸ் வாரன்ட் இல்லாம கைது பண்ணக்கூடிய, ஜாமீன் உரிமையாக் கிடைக்காத குற்றம்னு 2022 மே மாசம் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஒரு பாட்டுக்காக உங்களை நாளைக்கே தூக்கிட்டுப் போவாங்கன்னு பயமுறுத்த வரலை, பெரும்பாலும் நோட்டீஸோட முடியும். ஆனா கன்ஃபர்மேஷனுக்குக் காத்திருக்கிற டிரெய்னி மேல ஒரு எஃப்.ஐ.ஆர். இருந்தா பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் என்ன ஆகும்னு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போ காசுக்கு வருவோம்

சட்டத்தை ஓரமா வைங்க. உங்க 140 தட்டும் சுத்தமான, மூணு பட்டாவும் காலியான தட்டுன்னே வச்சுக்குவோம். கணக்கு என்ன வருது?

ரெண்டு பக்கமும் சேர்த்து 280 பாட்டு. பழைய 78 ஆர்பிஎம் தட்டு ஒரு பக்கம் சுமார் 3 நிமிஷம். ஆன்லைனில் விக்கிற சீப்பான யுஎஸ்பி பிளேயர் நிறைய 33, 45 மட்டும்தான் ஓட்டும். 78 ஓட்டினாலும் அதுக்கு அகலமான வேற ஊசி வேணும், எல்.பி. ஊசியைப் போட்டா கரகரன்னுதான் கேட்கும். தட்டைத் துடைக்க ஸ்பிரிட் எடுத்தீங்கன்னா முடிஞ்சுது, அந்தக் காலத் தட்டு அரக்குல செஞ்சது, ஆல்கஹால் பட்டா கரையும். இதெல்லாம் கத்துக்கிட்டு, ஒவ்வொரு பாட்டா ஓடவிட்டு, சத்தம் குறைச்சு, பேர் போட்டு ஏத்தணும். பேசிவ் இன்கம்ல இருக்கிற 'பேசிவ்' எங்கேன்னு எனக்குத் தெரியலை.

ஏத்தியாச்சு. 2024-லிருந்து ஸ்பாட்டிஃபை ஒரு விதி வச்சிருக்கு: ஒரு பாட்டு கடைசி 12 மாசத்தில் குறைஞ்சது 1,000 தடவை ஓடினால்தான் அதுக்கு ராயல்டி. 999 ஓடினா சைபர். 280 பாட்டுல 40 பாட்டு இந்தக் கோட்டைத் தாண்டுதுன்னு வைங்க, தாராளமாத்தான் சொல்றேன். தலைக்குச் சராசரியா வருஷத்துக்கு 5,000. மொத்தம் 2 லட்சம் ஸ்ட்ரீம். இந்தியாவில் ஒரு ஸ்ட்ரீமுக்கு நிலையான ரேட் கிடையாது, மாசா மாசம் மாறும். கணக்குக்காக 6 பைசான்னு எடுத்துக்கறேன். 12,000 ரூபாய். டிஸ்ட்ரிபியூட்டர்ல சிலர் வருஷச் சந்தா வாங்குவாங்க, சிடி பேபி மாதிரி சிலர் ஆரம்பக் கட்டணமும் 9 சதவீதக் கமிஷனும் எடுப்பாங்க. கமிஷன் மட்டும் கழிச்சா 10,920. மாசத்துக்கு 910 ரூபாய்.

மாசம் 30,000 வரணும்னா இதே 6 பைசாவில் வருஷத்துக்கு 60 லட்சம் ஸ்ட்ரீம் வேணும், அதுவும் கமிஷனுக்கு முன்னாடி. அதே பாட்டை ஒரிஜினல் கம்பெனி நல்ல ஒலித்தரத்தில் ஏற்கெனவே போட்டு வச்சிருக்கும்போது, உங்க கரகர காப்பியை 60 லட்சம் தடவை யார் கேட்கப் போறாங்க? "அதுக்கு பிளேலிஸ்ட் பாட் இருக்கு சார்"னு கோர்ஸ்ல சொன்னாங்களாம். போலி ஸ்ட்ரீமைக் கண்டுபிடிச்சா காசையும் பிடிச்சுக்குவாங்க, டிஸ்ட்ரிபியூட்டர் மேல அபராதமும் போடுவாங்க, டிஸ்ட்ரிபியூட்டர் அதை உங்க தலையில் கட்டுவார்.

அந்த 910-ஐ இன்னொரு விதமாப் பாருங்க. 19,000 சம்பளத்தை 26 நாள், 8 மணி நேரம்னு வகுத்தா மணிக்கு 91 ரூபாய். ஓ.டி.க்கு சட்டப்படி இரட்டைச் சம்பளம், 182. ஆக ஓ.டி. கிடைக்கிற ஆளா இருந்தா மாசம் அஞ்சு மணி நேரம் கூட நின்னா இதே காசு, காப்பிரைட் பயம் இல்லாம, பி.எஃப். கட்டுற கம்பெனியிலிருந்து, அந்த மாசமே.

வரி விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது, அதனால கொஞ்சம் நிக்கறேன். நீங்க இப்போ ஃபார்ம் 16-ஐ வச்சுக்கிட்டு பத்து நிமிஷத்தில் ஐடிஆர்-1 போட்டுடறீங்க. வெளிநாட்டு டிஸ்ட்ரிபியூட்டர்கிட்டேருந்து ஒரு டாலர் வந்தாலும் ஐடிஆர்-1 போட முடியாது, வெளிநாட்டு வருமானம் இருக்கிறவங்களுக்கு அது கிடையாது. ஐடிஆர்-2, தொடர்ந்து வியாபாரமாப் பண்ணினா ஐடிஆர்-3. அமெரிக்க டிஸ்ட்ரிபியூட்டர் டபிள்யூ-8பென்னுன்னு ஒரு ஃபார்ம் கேட்பாங்க. அதை ஒழுங்கா நிரப்பினா இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தப்படி அமெரிக்காவில் கேட்ட பங்குக்கு 15 சதவீதம் பிடிப்பாங்க, நிரப்பாட்டி 30.

"அதை இங்கே ஃபாரின் டாக்ஸ் கிரெடிட்டா எடுத்துக்கலாமே"ன்னு விவரமானவங்க கேட்பீங்க. ஃபார்ம் 67 போட்டு எடுக்கலாம், ஆனா ஒரு வரம்பு இருக்கு: அந்த வருமானத்துக்கு இங்கே எவ்வளவு வரி வருதோ அவ்வளவுதான் கிரெடிட். புது வரி முறையில் 12 லட்சம் வரைக்கும், சம்பளக்காரங்களுக்கு ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனோட 12.75 லட்சம் வரைக்கும், ரிபேட்டால் வரி சைபர். சைபர் வரிக்கு கிரெடிட்டும் சைபர். உங்க சம்பளத்துக்கு அந்த 15 சதவீதம் போனது போனதுதான். இந்திய கம்பெனி ராயல்டிக்குப் பிடிக்கிற 10 சதவீத டிடிஎஸ் அப்படி இல்லை, ரிட்டர்ன் போட்டா ரீஃபண்ட் வந்துடும். இந்த வித்தியாசத்தை எந்தக் கோர்ஸும் சொல்றதில்லை. அப்புறம், ராயல்டிக்கு 80கியூகியூபியில் 3 லட்சம் கழிக்கலாம்னு ஒரு ரீல்ஸ் சுத்துது. அது புத்தகம் எழுதுறவங்களுக்கு, அதுவும் பழைய முறையில் மட்டும். பாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

அப்பாயின்ட்மென்ட் லெட்டரையும் ஒரு தடவை எடுத்துப் பாருங்க. வேற வருமானம் வரும் வேலை பண்ணக் கூடாதுன்னு ஒரு வரி நம்ம பெல்ட் கம்பெனிகள் பலதில் இருக்கும்.

அப்போ எது விக்கலாம்?

இங்கேதான் என் கருத்து கொஞ்சம் மாறுது. டவுன்லோடு விற்பனை செத்துப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. சினிமாப் பாட்டுக்குச் செத்துப்போச்சு. உங்க குடும்பத்துக்கே சொந்தமான பதிவுக்குச் சாகலைன்னு நான் நினைக்கிறேன்.

காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர்னு நம்ம சுத்துவட்டாரத்தில் நாதஸ்வரக் குடும்பம் எத்தனை, கூத்துக் கட்டுற குடும்பம் எத்தனை. அந்த வீட்டுப் பசங்க இன்னிக்கு அசெம்பிளி லைனில் நிக்கிறாங்க. வீட்டுப் பரண்ல பெரியப்பா 1986-ல் டூ-இன்-ஒன்ல பதிவு பண்ண கோயில் கச்சேரி கேசட் கிடக்கும். உலகத்தில் வேற யார்கிட்டேயும் அந்தப் பதிவு இல்லை. வாசிச்சது தியாகராஜர் கீர்த்தனைன்னா மெட்டுக்கும் வரிக்கும் உரிமைப் பிரச்சினை கிடையாது, அவர் காலமானது 1847. ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் யாருன்னா, முன்முயற்சி எடுத்துப் பதிவு பண்ணவர், அதாவது பெரியப்பா. இது உண்மையிலேயே ஒரு சொத்து.

ஆனா ரெண்டு விஷயம் பார்த்துக்கணும். ரேடியோவிலிருந்து பதிவு பண்ண கேசட் உங்களுது இல்லை. தாத்தாவே வாசிச்சிருந்தாலும் வானொலி நிலையத்தில் வாசிச்சது வானொலியோட பதிவு. அதே மாதிரி கேசட் கம்பெனி போட்ட கூத்துக் கேசட்டுல உங்க அப்பா பேர் இருக்கிறதால அது உங்களுது ஆகாது. அந்தக் காலத்தில் எழுதின ஒப்பந்தம் ஏதாவது இருக்கான்னு முதல்ல தேடுங்க.

இன்னொண்ணு பேப்பர். பெரியப்பா இல்லைன்னா அவர் வாரிசுகள் எல்லார்கிட்டேயும் எழுத்தில் வாங்கணும், தவில்காரர், தாளம் போட்டவர் வீட்டிலேயும் வாங்கிடுங்க. "நாங்க சொந்தக்காரங்க, வாய்ப்பேச்சு போதும்"ன்னு சொல்றவங்க வீட்ல முதல் 10,000 வந்த அன்னிக்குத்தான் சண்டை வரும், சர்வே நம்பர் சண்டையை எல்லாம் பார்த்தவன் சொல்றேன். எழுதும்போது எத்தனை வருஷத்துக்கு, எந்தெந்த நாட்டுக்குன்னு தெளிவா எழுதுங்க. காலம் எழுதாட்டி 5 வருஷம்னும், இடம் எழுதாட்டி இந்தியாவுக்குள்ள மட்டும்னும் சட்டமே எடுத்துக்கும், 19-வது பிரிவில் அப்படித்தான் இருக்கு. நோட்டரி ஸ்டாம்ப் எல்லாம் குத்தி வாங்கின பேப்பரில் இந்த ரெண்டு வரி இல்லாததைப் பல தடவை பார்த்துட்டேன். யாருக்கு எத்தனை சதவீதம்னு அதிலேயே போட்டுடுங்க.

இதை ஸ்பாட்டிஃபையில் மட்டும் போட்டா அதே 6 பைசா கதைதான். பேண்ட்கேம்ப் மாதிரி இடத்தில் டவுன்லோடாப் போட்டா விலையை நீங்க வைக்கறீங்க. டிஜிட்டல் விற்பனையில் அவங்க 15 சதவீதம் எடுத்துக்குவாங்க, பேமென்ட் சார்ஜ் தனி. டொரன்டோவிலும் சிங்கப்பூரிலும் நாதஸ்வரம் தேடிக் கேட்கிற 100 பேர், ஆல்பம் 300 ரூபாய்னா 30,000. அவங்க பங்கு போக 25,500, அதில் பேமென்ட் சார்ஜ் கழியும். மாசா மாசம் வராது, ஒரு தடவைதான். ஆனா இதே காசுக்கு ஸ்ட்ரீமிங்கில் நாலு லட்சத்துக்கு மேல ஓடணும். 100 பேரைத் தேடிப் பிடிக்கிறது நாலு லட்சம் ஸ்ட்ரீமை விடச் சுலபம்னுதான் எனக்குப் படுது, அதுவும் சொந்த ஊர்க்காரங்க வாட்ஸ்அப் குரூப் ரெண்டு இருந்தா.

வாங்கின தட்டுகளை என்ன பண்றதுன்னா, அதுல அபூர்வமானது இருக்கலாம், தூக்கிப் போடாதீங்க. தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் மாதிரி பழைய இசைத்தட்டுகளைப் பாதுகாக்கிற இடங்கள் இருக்கு, ஒரு லிஸ்ட் எழுதி அனுப்பிக் கேளுங்க. தட்டையே, அதாவது பொருளையே, சேகரிக்கிறவங்களுக்கு விக்கிறதுல சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. காசு வேணும்னா அதுதான் நேர் வழி, ஒரு ஞாயித்துக்கிழமையில் முடியும்.

"பழைய பாட்டு மேல நம்பிக்கை இருக்கு, சரிகம ஷேர் வாங்கலாமா?"ன்னும் கேட்கறீங்க. அது லிஸ்டட் கம்பெனி, வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம். நான் செபி ரிஜிஸ்டர்டு அட்வைசர் இல்லை, ஷேர் பரிந்துரை இந்தப் பக்கத்தில் வராது.

கடைசியா, ஏற்கெனவே கோர்ஸ்ல சேர்ந்து அப்லோடும் பண்ணிட்டவங்களுக்கு. யாராவது கிளெய்ம் போடும் முன்னாடி டிஸ்ட்ரிபியூட்டர் டாஷ்போர்டில் போய் நீங்களே டேக்டவுன் கொடுங்க. கிளெய்ம் வந்துட்டா 'டிஸ்பியூட்' பட்டனை அமுக்காதீங்க, மேல நான் சொன்ன பொய் உறுதிமொழியை ரெண்டாவது தடவை கொடுத்த மாதிரி ஆகும். வாலட்டில் நிக்கிற காசை எடுத்துச் செலவு பண்ணாம அப்படியே விடுங்க. வந்த காசு எவ்வளவு சின்னதா இருந்தாலும் இந்த வருஷ ரிட்டர்னில் காட்டுங்க. கோர்ஸ் ஃபீஸ் திரும்ப வேணும்னா, "மாசம் 30,000 உறுதி"ன்னு அவங்க போட்ட விளம்பரத்தை இன்னிக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க, கேட்டதும் அழிச்சிடுவாங்க. மெயிலில் ரீஃபண்ட் கேளுங்க. பதில் வரலைன்னா 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். பணம் கட்டின ரசீது, யுபிஐ ரெஃபரன்ஸ் நம்பர் ரெண்டையும் கையில் வச்சுக்கிட்டு போன் பண்ணுங்க.